கான்டாக்ட் மேப் தப்பாக வந்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

எம்.எஸ்சி. புராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் எனக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். புரதச் சங்கிலியில் எந்த அமினோ அமில ரெசிட்யூ (சங்கிலியின் ஒரு கண்ணி) எதோடு ஒட்டி நிற்கிறது என்று கணக்கிட்டு, அதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கான்டாக்ட் மேப் படத்தைப் போட ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். படம் வெறுமையாக இருக்கும், அல்லது முழுக்கக் கறுத்திருக்கும், அல்லது ஆய்வுக்கட்டுரையில் இருக்கும் தொடர்பு இவர்கள் பட்டியலில் இருக்காது. பெரும்பாலும் கோளாறு புரதத்திலும் இல்லை, வேதியியலிலும் இல்லை. கோப்பைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசும் நேரமும் செலவாகாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

தொடர்பு என்று இங்கே சொல்வது இரண்டில் ஒன்று. சி-பீட்டா அணுக்களுக்கு (பக்கச்சங்கிலியின் முதல் கார்பன்) இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் (10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) இருப்பது. புரத வடிவத்தைக் கணிக்கும் காஸ்ப் போட்டியில் தொடர்புக் கணிப்பை மதிப்பிடப் பயன்பட்ட அளவு இது. அல்லது ஹைட்ரஜன் அல்லாத ஏதாவது இரண்டு அணுக்கள் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பது. உங்கள் ஸ்கிரிப்ட் இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எதற்கும் முன்னால்: கிராம்பின் சோதனை

உங்கள் சொந்தப் புரதத்தைத் தொடுவதற்கு முன், பிடிபி என்ற புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் உள்ள கிராம்பினின் 1சிஆர்என் கோப்பில் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கிராம்பின் வெறும் 46 ரெசிட்யூ கொண்ட சின்னப் புரதம். அதில் மூன்று டைசல்பைடு பிணைப்புகள்: 3–40, 4–32, 16–26. சல்பர் அணுக்களுக்கு இடையே சுமார் 2 ஆங்ஸ்ட்ராம்தான். ஆகவே எந்த வரையறையை எடுத்தாலும் இந்த மூன்று ஜோடியும் பட்டியலில் வந்தே ஆக வேண்டும்.

மூன்றும் வந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் புரதத்தின் கோப்பில் அல்லது எண்களில் இருக்கிறது. ஒன்றாவது வரவில்லை என்றால் ஸ்கிரிப்டில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை கீழே போக வேண்டாம்.

அறிகுறி: படம் முழுக்க வெறுமை, அல்லது முழுக்கக் கறுப்பு

முதல் சந்தேகம் அலகு. பைத்தான் நூலகங்களில் எம்டிடிராஜ் தூரத்தை நானோமீட்டரில் தரும். பயோபைத்தானும் எம்டிஅனாலிசிஸும் ஆங்ஸ்ட்ராமில் தரும். ஒரு நிரலில் எழுதிய கட்-ஆஃபை (தூர எல்லையை) இன்னொன்றுக்குத் தூக்கிப் போட்டால் பத்து மடங்கு பிசகும். நானோமீட்டர் தூரத்துக்கு 8 என்று கொடுத்தால் 80 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடும். சின்னப் புரதம் முழுக்கக் கறுத்துவிடும். ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்கு 0.8 கொடுத்தால் ஒன்றும் வராது.

சோதனை ஒரு நிமிடம்தான்: அடுத்தடுத்த இரண்டு ரெசிட்யூக்களின் சி-ஆல்பா (முதுகெலும்புக் கார்பன்) தூரத்தை அச்சிடுங்கள். 3.8 வந்தால் ஆங்ஸ்ட்ராம், 0.38 வந்தால் நானோமீட்டர். எப்போதாவது ஒரு இடத்தில் 3-ஐ ஒட்டி வந்தால் பதற வேண்டாம், அது சிஸ் பெப்டைடு, அதாவது பிணைப்பு வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிய இடம்.

அலகு சரி, ஆனாலும் வெறுமையா? சங்கிலியின் பெயரைப் பாருங்கள். எம்எம்சிஃப் (பிடிபியின் புது வடிவ) கோப்பில் ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு பெயர் இருக்கும்: ஆய்வாளர் வைத்தது ஒன்று, தரவுத்தளம் வைத்தது ஒன்று. நீங்கள் ‘பி’ என்று கேட்பது இன்னொரு முறையில் ‘டி’ ஆக இருக்கலாம். பயோபைத்தான் இயல்பாக ஆய்வாளர் வைத்த பெயரை எடுக்கும். எல்லா நிரலும் அப்படி இல்லை.

பெயரும் சரி என்றால் கோப்பை எப்படி வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பிடிபி கோப்பின் வரிகளை இடைவெளியை வைத்துப் பிரிக்கக் கூடாது. அது நெடுவரிசை எண் வைத்துப் படிக்க வேண்டிய கோப்பு. சங்கிலிப் பெயர் 22ஆவது இடத்தில், ரெசிட்யூ எண் 23 முதல் 26 வரை, எக்ஸ் அச்சு 31இல் தொடங்கும். ரெசிட்யூ எண் ஆயிரத்தைத் தாண்டினால் அது சங்கிலிப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆய எண்கள் மைனஸ் நூறைத் தாண்டினால் அவையும் ஒன்றோடொன்று ஒட்டும். இடைவெளியை நம்பின ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் சத்தமில்லாமல் தப்பான எண்ணை எடுக்கும். நீங்களே பார்சர் (கோப்பைப் படிக்கும் நிரல்) எழுத வேண்டிய தேவை இல்லை, இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அறிகுறி: படத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள்

எந்த ரெசிட்யூக்களில் கோடு விழுகிறது என்று முதலில் எழுதுங்கள்.

*எல்லாம் கிளைசின்* என்றால்: கிளைசினுக்கு சி-பீட்டா கிடையாது. அதற்கு மட்டும் சி-ஆல்பாவை எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இது எத்தனை புராஜெக்ட் அறிக்கைகளில் ‘நெகிழ்வான பகுதி’ என்ற விளக்கத்தோடு பைண்டிங் ஆகிப் போகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கிளைசின் நெகிழ்வானதுதான், ஆனால் இந்தக் கோடு அதைக் காட்டவில்லை.

*எல்லாம் மெத்தியோனின் இருக்க வேண்டிய இடம்* என்றால்: செலினோமெத்தியோனின். எக்ஸ்-கதிர் ஆய்வில் அலைகளின் கட்டங்களை (ஃபேஸ்) கண்டுபிடிக்க மெத்தியோனினுக்குப் பதிலாக இதைச் சேர்ப்பார்கள். கோப்பில் இது ‘ஹெட்ஆட்டம்’ வரியில் எம்எஸ்இ என்ற பெயரில் இருக்கும். தண்ணீரை நீக்குவதற்காக ஹெட்ஆட்டம் வரிகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டவர்களுக்கு இதுவும் சேர்ந்து போயிருக்கும். தண்ணீரை மட்டும் நீக்குங்கள்.

*வரிசையாக அஞ்சாறு ரெசிட்யூக்கள்* என்றால்: பிடிபி கோப்பின் தலைப்பில் ரிமார்க் 465ஐப் பாருங்கள். எலெக்ட்ரான் அடர்த்தியில் தெரியாததால் மாதிரியில் சேர்க்கப்படாத ரெசிட்யூக்களின் பட்டியல் அது. பக்கச்சங்கிலி அணுக்கள் மட்டும் இல்லாதவை ரிமார்க் 470இல் இருக்கும். அந்த இடத்தில் தொடர்பு இல்லை என்று எழுதாதீர்கள். தரவு இல்லை என்று எழுதுங்கள். படத்திலும் வேறு நிறம் கொடுங்கள்.

அந்த விடுபட்ட வளையம்தான் உங்கள் ஆய்வின் மையம் என்றால் வளையத்தை மாதிரியமைக்க வேண்டும். நாலைந்து ரெசிட்யூ வரை மாடலர் போன்ற நிரலில் நீங்களே செய்து பார்க்கலாம். அதைவிட நீளம் என்றால் அனுபவம் உள்ளவரிடம் கொண்டு போங்கள்.

அறிகுறி: தொடர்புகள் அளவுக்கு மீறி வருகின்றன

மூலைவிட்டம் மட்டும் தடிமனாக இருந்தால் அது கோளாறே இல்லை. பக்கத்துப் பக்கத்து ரெசிட்யூக்கள் எப்படியும் அருகில்தான் இருக்கும். ஆல்பா சுருளில் ஒவ்வொன்றும் நாலாவதைத் தொடும். வரிசை எண்ணில் 6க்குக் குறைவான இடைவெளி உள்ள ஜோடிகளை விட்டுவிடுங்கள். மடிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் 24ம் அதற்கு மேலும் இடைவெளி உள்ளவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

மூலைவிட்டத்துக்கு வெளியிலும் நிறைய வந்தால்:

என்எம்ஆர் (காந்த ஒத்ததிர்வு) முறையில் கிடைத்த கோப்பா? யுபிக்விட்டினின் 1டி3இசட் கோப்பில் 10 மாதிரிகள் இருக்கின்றன. எல்லா மாதிரியையும் ஒரே புரதமாகப் படித்தால் ஒரே ரெசிட்யூவின் பத்து நகல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மாதிரி மாதிரியாகத் தனித்தனியே கணக்கிட்டு, எத்தனையில் தொடர்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் இருக்கிறதா? என்எம்ஆர் கோப்பிலும் சிமுலேஷன் கோப்பிலும் இருக்கும், எக்ஸ்-கதிர் கோப்புகளில் பெரும்பாலும் இருக்காது. இரண்டையும் ஒப்பிடும்போது ஹைட்ரஜனை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மாற்று இருப்பிடங்கள் இருக்கின்றனவா? ஒரே பக்கச்சங்கிலிக்கு ஏ, பி என்று இரண்டு நிலை கொடுத்திருப்பார்கள். 17ஆவது நெடுவரிசையில் அந்த எழுத்து இருக்கும். பயோபைத்தான் நிரப்பளவு (ஆக்குபன்சி) அதிகமானதை எடுத்துக்கொள்ளும். கையால் எழுதிய ஸ்கிரிப்ட் இரண்டையும் எடுக்கும்.

கடைசியாக ஒரு விசித்திரம். சி-ஆல்பாவின் பெயர் ‘சிஏ’. கால்சியத்தின் பெயரும் ‘சிஏ’. நிலக்கடலை நம் பக்கத்துப் பயிர் என்பதால் இங்கே சிலர் அதன் லெக்டினை (சர்க்கரையைப் பற்றும் புரதம்) விரும்பி எடுப்பார்கள். எம். விஜயன் குழுவினர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தீர்த்த கட்டமைப்பு அது, 2பிஇஎல். அதில் ஒவ்வொரு துணை அலகிலும் ஒரு கால்சியமும் ஒரு மாங்கனீசும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து வடிகட்டினால் கால்சியம் ஒரு புது ரெசிட்யூவாகப் பட்டியலில் ஏறி, சுற்றியுள்ள எல்லாவற்றோடும் தொடர்பு காட்டும். அணுப் பெயரோடு தனிமத்தின் நெடுவரிசையையும் சேர்த்துச் சோதியுங்கள்.

அறிகுறி: “அண்ணே, பேப்பர்ல இருக்கு, எனக்கு வரல”

அதிகம் வரும் கேள்வி இதுதான். விடையும் பல இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

*அ. எண் ஒன்றுதானா?* யூனிபுராட் (புரத வரிசைத் தரவுத்தளம்) எண்ணும் கட்டமைப்பு எண்ணும் பல நேரம் வேறு வேறு. அரிவாள் அணு ரத்தசோகையின் மாற்றம் பீட்டா சங்கிலியின் 6ஆவது இடம் என்று எல்லோரும் படித்திருப்போம். யூனிபுராட்டில் அது 7, ஏனென்றால் அங்கே தொடக்க மெத்தியோனினையும் எண்ணுகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: இயல்பான ஹீமோகுளோபினில் கட்டமைப்பு எண்படி 6ஆவதும் குளூட்டமேட், 7ஆவதும் குளூட்டமேட். ஆகவே ரெசிட்யூ பெயரைச் சரிபார்த்தாலும் தப்பு பிடிபடாது. முன்னும் பின்னும் மூன்று நான்கு எழுத்துகளைச் சேர்த்து ஒப்பிட வேண்டும். சிஃப்ட்ஸ் தளத்தில் இரண்டு எண்களையும் பொருத்தித் தரும் அட்டவணை கிடைக்கும். எம்டிடிராஜ் பயனாளர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குகிறது.

எண்ணோடு ஒட்டி வரும் செருகல் எழுத்துகளும் இங்கேதான் கழுத்தை அறுக்கும். த்ராம்பினில் 60க்கும் 61க்கும் நடுவே 60ஏ தொடங்கி ஒன்பது ரெசிட்யூக்கள் இருக்கின்றன. எண்ணை மட்டும் சாவியாக வைத்தால் அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசி ஒன்றுதான் மிஞ்சும்.

*ஆ. முழுப் புரதமும் கோப்பில் இருக்கிறதா?* 4எச்எச்பி கோப்பில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் நாலு சங்கிலியும் இருக்கும். ஆக்சிஜன் சேர்ந்த 1எச்எச்ஓ கோப்பில் ஒரு ஆல்பாவும் ஒரு பீட்டாவும் மட்டும்தான்; மீதிப் பாதியை ரிமார்க் 350இல் உள்ள அணியை வைத்து உருவாக்க வேண்டும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு ‘ஆக்சிஜன் சேர்ந்தால் பாதித் தொடர்புகள் போய்விடுகின்றன’ என்று எழுதிய வரைவுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

உடலில் செயல்படும் முழு வடிவமான உயிரியல் தொகுப்பைத் தனியாகப் பதிவிறக்கலாம். ஆனால் பழைய பிடிபி வடிவத்தில் எடுத்தால் நகல்கள் ‘மாடல் 1’, ‘மாடல் 2’ என்று அதே சங்கிலிப் பெயரோடு வரும். என்எம்ஆரில் மாதிரிகளைச் சேர்க்கக் கூடாது என்றேன். இங்கே சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எம்எம்சிஃப் வடிவத்தில் எடுத்தால் நகல் சங்கிலிகளுக்குத் தனிப் பெயர் இருக்கும், குழப்பம் குறைவு.

*இ. ஒரே துணை அலகு இரண்டு சங்கிலியா?* பலாக்கொட்டையின் ஜாகலினில் (1ஜேஏசி) ஒவ்வொரு துணை அலகும் ஒரு நீளமான ஆல்பா சங்கிலியும் இருபது ரெசிட்யூ அளவிலான பீட்டா சங்கிலியும் சேர்ந்தது. ஒரு சங்கிலிக்குள் மட்டும் தேடினால் மடிப்பின் முக்கியமான தொடர்புகள் கைநழுவும்.

*ஈ. தொடர்பு பக்கத்து மூலக்கூறோடா?* மறுபடியும் அரிவாள் ஹீமோகுளோபின், 2எச்பிஎஸ். 6ஆவது வாலின் தன் டெட்ராமருக்குள் (நாலு சங்கிலித் தொகுதி) எதையும் பெரிதாகத் தொடுவதில்லை. பக்கத்து டெட்ராமரின் பீட்டா சங்கிலியில் பினைல்அலனின் 85, லூசின் 88 ஆகியவை சேர்ந்த குழியில் அது போய் அமர்கிறது. ரத்த அணு அரிவாள் வடிவமாவதற்கான இழை இந்தத் தொடர்பில்தான் கட்டப்படுகிறது. நாலு சங்கிலியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை கட்-ஆஃப் மாற்றினாலும் இது கிடைக்காது. புரதத்தைத் திரையில் காட்டும் பைமோலில் சிமெட்ரி நகல்களை (படிகத்தில் பக்கத்து மூலக்கூறுகளை) உருவாக்கிவிட்டுத் தேடுங்கள். ஒரு டெட்ராமரில் உள்ள இரண்டு வாலின்களில் ஒன்றுதான் இந்தத் தொடர்பில் இருக்கும். இன்னொன்றில் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லாப் படிகத் தொடர்பும் இப்படி அர்த்தமுள்ளது அல்ல. பெரும்பாலானவை படிகம் அடுக்கிய விதத்தால் வருபவை. உடலிலும் அந்தத் தொடர்பு உண்டு என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும்.

*உ. அதே நிலையா?* பீட்டா சங்கிலியின் ஹிஸ்டிடின் 146க்கும் அஸ்பார்டேட் 94க்கும் இடையிலான உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பு) ஆக்சிஜன் இல்லாத நிலையில் இருக்கும், ஆக்சிஜன் சேர்ந்த நிலையில் உடைந்துவிடும். கட்டுரை 4எச்எச்பியைப் பற்றிப் பேச, நீங்கள் 1எச்எச்ஓவில் தேடினால் கிடைக்காததுதான் சரியான விடை.

*ஊ. வரையறை ஒன்றா?* நீளமான ஆர்ஜினினும் குளூட்டமேட்டும் நுனியில் கைகோத்திருக்கும். அவற்றின் சி-பீட்டாக்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கலாம். உப்புப் பாலத்துக்கு நைட்ரஜன்–ஆக்சிஜன் தூரம் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள், ஹைட்ரஜன் பிணைப்புக்கு 3.5க்குள் என்று தனியாகத் தேடுங்கள். கட்டுரையின் முறைகள் பகுதியில் கட்-ஆஃப் இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பயனில்லை.

இந்த ஆறையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் பைமோலில் திறந்து, அந்த ஜோடியைக் கையால் அளந்து பாருங்கள். திரையில் தூரம் சரியாக வந்து ஸ்கிரிப்டில் வரவில்லை என்றால் நிரல் தெரிந்தவரிடம் போங்கள். திரையிலும் வரவில்லை, தெளிவுத்திறன் 3 ஆங்ஸ்ட்ராமைவிட மோசம் என்றால் பக்கச்சங்கிலியின் இடமே அவ்வளவு உறுதியில்லை. அங்கே படிகவியல் தெரிந்தவர் எலெக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: தொடர்பு வருகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

பிணைப்பு இல்லாத இரண்டு கார்பன்கள் 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாக நிற்கின்றனவா? 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் புகழ்பெற்ற அந்த வரைபடத்தைப் போட்டபோது கார்பன்–கார்பன் நெருக்கத்துக்கு வைத்த இயல்பான எல்லை 3.2, கடைசி எல்லை 3.0. இன்றும் முதல் சல்லடையாக அது போதும். அதற்கும் கீழே போனால் முதலில் மாற்று இருப்பிடங்களைக் கலந்துவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிவின் சரிபார்ப்பு அறிக்கையைத் திறந்து, அந்த ரெசிட்யூ மோதல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதிரியிலேயே பிழை. அந்தத் தொடர்பின் மேல் முடிவு எதையும் கட்டாதீர்கள்.

ஆக்சிஜனும் ஆக்சிஜனும் 3 ஆங்ஸ்ட்ராமில் எதிரெதிரே நிற்கிறதா? ஒன்று அஸ்பராஜினோ குளூட்டமினோ என்றால் அதன் நுனி 180 பாகை திரும்பி வைக்கப்பட்டிருக்கலாம். எக்ஸ்-கதிர் அடர்த்தியில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். மால்ப்ரோபிட்டி தளத்தில் கோப்பை ஏற்றினால் எதைத் திருப்ப வேண்டும் என்று சொல்லும், இலவசம்தான். ஹிஸ்டிடினுக்கும் இதே சோதனை. இரண்டும் அமில ரெசிட்யூ என்றால் நடுவே உலோக அயனி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஆட்டத்தை நீக்கியபோது அது போயிருக்கும்.

ஆல்பாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த மாதிரியா? அதில் பி-காரணி நெடுவரிசையில் இருப்பது பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பு. பி-காரணி கூடினால் உறுதி குறைவு, பிஎல்டிடிடி கூடினால் உறுதி அதிகம். இரண்டும் நேர் எதிர். 70க்குக் கீழே உள்ள ரெசிட்யூக்களின் தொடர்பை எடுக்காதீர்கள். 50க்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாத பகுதிகள். இரண்டு டொமைன்களுக்கு (தனித்தனியே மடியும் பகுதிகள்) நடுவே தொடர்பு என்றால் பிஎல்டிடிடி மட்டும் போதாது, பிஏஇ (இடக் கணிப்பின் பிழை) படத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனியே 90க்கு மேல் இருந்தாலும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பது நிச்சயமில்லாமல் இருக்கலாம்.

இந்தச் சோதனைகளைத் தாண்டி நிற்கும் தொடர்புதான் உங்கள் மைய வாதம் என்றால், அடுத்த படி செலவானது: அந்த ரெசிட்யூவை மாற்றிப் புரதத்தைத் தயாரித்துச் செயல்பாட்டை அளக்கும் சோதனை. அதை உயிர்வேதியியல் ஆய்வகத்தோடு பேசித்தான் தொடங்க வேண்டும்.

அறிகுறி: சிமுலேஷனில் தொடர்பு திடீரென்று அறுந்து மறுபடி ஒட்டுகிறது

ஒரே பிரேமில் (ஒரு கணத்தின் படம்) பத்து இருபது தொடர்புகள் மொத்தமாகப் போய், சில பிரேம் கழித்து மொத்தமாக வந்தால் புரதம் சிமுலேஷன் பெட்டியின் ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் நுழைந்திருக்கிறது. கிரோமாக்ஸ் சிமுலேஷன் நிரலின் டிரெஜ்கான்வ் கட்டளையில் முதலில் மூலக்கூறை முழுமையாக்கி, பிறகு தாவல்களை நீக்குங்கள். ஒன்றுக்கு மேல் சங்கிலி இருந்தால் திருத்திய பின் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றிரண்டு மட்டும் வந்து போனால் அது உண்மையான அசைவு. கட்-ஆஃபை ஒட்டியே தூரம் அலைகிறதா என்று வரைபடம் போடுங்கள். எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று கொடுங்கள், அதையும் வேறு வேறு தொடக்க வேகங்களோடு ஓட்டிய மூன்று ஓட்டங்களில் கொடுங்கள்.

புரதம், பக்கத்துப் பெட்டியில் இருப்பதாகக் கணக்கிடப்படும் தன் சொந்த நகலைத் தொடுகிறதா? கிரோமாக்ஸின் மின்டிஸ்ட் கட்டளையில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. நகலோடு உள்ள தூரம் இடைவினைக் கட்-ஆஃபைவிடக் குறைந்திருந்தால் பெட்டி சின்னது. அந்த ஓட்டத்தை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. பெரிய பெட்டியில் மறுபடி ஓட்ட வேண்டும். கல்லூரி லேபில் உள்ள கணினியில் வாரக்கணக்கில் போகும் வேலை அது, நடுவில் கரன்ட் போகாமல் இருந்தால். அதற்கு முன் சிமுலேஷன் அனுபவம் உள்ள ஒருவரிடம் உங்கள் அமைப்புக் கோப்புகளைக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: லேப்டாப் நின்றுபோகிறது

8,000 அணுக்கள் என்றால் ஜோடிகள் ஏறத்தாழ 3.2 கோடி. எல்லாவற்றையும் இரட்டைச் சுழற்சியில் அளக்காதீர்கள். பயோபைத்தானின் நெய்பர்சர்ச் அருகில் இருப்பவற்றை மட்டும் தேடும், அதே லேப்டாப்பில் நொடிகளில் முடியும்.

நிபுணரிடம் போகும்போது

நெல்லை எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கோ மதுரைக்கோ போவதற்கு முன் ஒரு மெயில் போதும். பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். எந்தப் பதிவு, எந்தப் பதிப்பு, எந்தச் சங்கிலி, எந்த எண் முறை, தொடர்புக்கு என்ன வரையறை, கிராம்பினில் மூன்று ஜோடியும் வந்ததா, கையால் அளந்த தூரம் என்ன என்று எழுதுங்கள். ஸ்கிரிப்டை இணையுங்கள். ‘ஒர்க் ஆகல சார்’ என்ற ஒரு வரியோடு படத்தை மட்டும் அனுப்பினால் அவர் இந்தக் கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்பார், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.